மெதுவாக நீந்தினால் கால் மூழ்கும்

நீச்சல் குளத்தோரம் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இது காதில் விழும்: “மெதுவா சார், மெதுவா. முதல்ல ஸ்டைல் வரட்டும். ஸ்பீடு தானா வரும்.” சொல்பவர் கோச். கேட்பவருக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதால் வந்தவர், அல்லது மகனைச் சேர்க்க வந்த இடத்தில் தானும் சேர்ந்துகொண்டவர். தலையை ஆட்டிவிட்டு மறுபடி முகத்தை நீரில் போடுகிறார். முன்பைவிட நிதானமாகக் கையை நீட்டுகிறார். பாதிக் குளம் தாண்டுவதற்குள் இடுப்பு இறங்கிவிடுகிறது, கால் தொங்குகிறது, மூச்சுக்காகத் தலை தூக்குகிறது. லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரைக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து கோச் குரல் கொடுக்கிறார்: “இன்னும் மெதுவா!”

இந்த அறிவுரை தவறு. நீரைக் கண்டாலே மிரள்கிறவருக்கும், நீருக்குள் மூச்சு விடவே பழகாதவருக்கும் இது பொருந்தும், அவர்களை விட்டுவிடுவோம். இந்தக் கரையில் குதித்து அந்தக் கரையை எப்படியோ தொட்டுவிடத் தெரிந்தும், அதற்குமேல் ஓர் அடி முன்னேறாமல் மாதக்கணக்கில் அங்கேயே நிற்கிறவர் இருக்கிறாரே, அவருக்கு இதைவிடக் கெட்ட யோசனை சொல்ல முடியாது. ஃப்ரீஸ்டைல் வேகத்துக்கு ஏற்ப உருமாறும் நீச்சல். நுட்பத்தை ஒரு வேகத்தில் தனியாகச் செய்து வைத்துக்கொண்டு, பிறகு வேகத்தை மேலே பூசிக்கொள்ள அதில் வழியில்லை. அந்த நுட்பம் உருவாவதற்கே கொஞ்சம் வேகம் வேண்டும்.

‘மெதுவாக’ என்றால் எவ்வளவு என்பதைப் பார்த்துவிடலாம். 25 மீட்டர் குளத்தை 40 விநாடியில் கடக்கிறவர் விநாடிக்கு 62 சென்டிமீட்டர் போகிறார். வயதுவந்த பின் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பலர் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லே 100 மீட்டரை 46.40 விநாடியில் முடித்தார். விநாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல். நம் ஆளின் வேகம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஏற்கெனவே மெதுவாகத்தான் போய்க்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் இன்னும் மெதுவாக என்றால் விநாடிக்கு 50 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடுகிறார். அங்கே ஃப்ரீஸ்டைல் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. கையை மாற்றி மாற்றிப் போட்டு மூழ்காமல் சமாளிப்பதுதான் நடக்கிறது.

அந்த வேகத்தில் ஒரு ஸ்ட்ரோக்கை நீருக்கடியிலிருந்து பார்த்தால் விஷயம் விளங்கும். வலது கை உள்ளே நுழைந்து முன்னே நீள்கிறது. “நீட்டி வை, கிளைடு பண்ணு” என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதனால் அப்படியே நிற்கிறது. இடது கை பின்னாலிருந்து சுற்றி வந்து சேரும்வரை உடம்பை முன்னே தள்ளும் வேலையை எந்தக் கையும் செய்யவில்லை. வேகம் குறைகிறது. நீட்டிய கையின் மணிக்கட்டு மெல்ல மேல்நோக்கி மடங்குகிறது. விரல்கள் மேலே, உள்ளங்கை போகிற திசைக்கு நேர் எதிரே. பிரேக் போட்டாயிற்று. இதற்குள் தொடை இறங்கத் தொடங்குகிறது. இறங்குவது தெரிந்ததும் உடம்பு தானாகவே கையை ஊன்றப் பார்க்கிறது: பின்னோக்கி இழுக்க வேண்டிய கை, மேஜையில் ஊன்றி எழுகிறவர் அழுத்துவதைப்போல நேராகக் கீழே அழுத்துகிறது, முழங்கை சரிகிறது. நின்றுபோன உடம்பை மறுபடி நகர்த்தக் கால் இரண்டும் கத்தரியாக விரிந்து ஓர் உதை உதைக்கின்றன. விரிந்த காலும் தடைதான். அடுத்த ஸ்ட்ரோக்குக்கும் இதே கதை.

அதாவது ஒவ்வொரு முறையும் எழுபது கிலோ உடம்பைக் கிட்டத்தட்ட நின்ற நிலையிலிருந்து கிளப்ப வேண்டியிருக்கிறது. “மெதுவாத்தானே போறேன், ஏன் இப்படி இரைக்குது?” என்று கேட்கிற எல்லாருக்கும் பதில் இதுதான். அவர்கள் நிதானமாக நீந்தவில்லை. நின்று நின்று கிளம்புகிறார்கள்.

கால் ஏன் மூழ்குகிறது? நம் உடம்பின் எடை மையம் இடுப்பை ஒட்டி இருக்கிறது. நீர் நம்மைத் தாங்கும் மையம் அதைவிடச் சற்று மேலே, நெஞ்சை நோக்கி இருக்கிறது. நுரையீரலில் காற்று இருப்பதால். இரண்டுக்கும் இடைவெளி கொஞ்சம்தான், ஆனால் அசையாமல் கிடந்தால் காலைக் கீழே இழுக்க அது போதும். ஒல்லியாக, தொடை இறுகிய ஆண்களுக்குத்தான் தொல்லை அதிகம். இடுப்பிலும் தொடையிலும் சதைப்பற்று உள்ள பெண்களுக்குப் பொதுவாக இந்தச் சிக்கல் குறைவு. மெதுவாகப் போனாலும் அவர்களுக்கு உடம்பு ஓரளவு கிடைநிலையில் நிற்கும். ஒரு பேட்ச்சில் நாலு பெண்களுக்கு இந்த அறிவுரை பலித்ததைப் பார்த்துவிட்டு, ஐந்தாவதாக நிற்கிற மாரத்தான் ஓடும் மனிதருக்கும் கோச் அதையே சொன்னால் அவர் கதி அதோகதி.

நகரும்போது கணக்கு மாறுகிறது. வேகம் கூடக் கூட உடம்பு கிடைநிலைக்கு நெருங்குகிறது என்பது நீருக்கடியில் கேமரா வைத்து அளந்து பார்த்த விஷயம். இன்னொன்றும் உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தது. மிதப்பு விசைதான் காலை மூழ்கடிக்கிறது என்று பயிற்சியாளர்கள் எல்லாரும் சொல்லிவந்த காலத்தில், உயிர்இயக்கவியல் ஆய்வாளர் டோஷிமாசா யனாய், போட்டி நீச்சல்காரர்கள் ஃப்ரீஸ்டைல் நீந்துவதைப் படமெடுத்துக் கணக்கிட்டு 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முடிவு தலைகீழாக இருந்தது. நீந்திக்கொண்டிருக்கும்போது மிதப்பு விசை சராசரியாகக் காலை மேலே தூக்கும் பக்கம்தான் வேலை செய்கிறது. காரணம் எளிது. நீருக்கு மேலே வந்து முன்னோக்கிப் போகிற கைக்கு நீரின் தாங்கல் கிடையாது. அதன் முழு எடையும் உடம்பின் முன்பக்கத்தில் இறங்குகிறது. முன்பக்கம் அழுந்தினால் பின்பக்கம் எழும்பும். கைகள் இடைவெளியில்லாமல் மாறி மாறி மேலே வந்துகொண்டிருக்கும்வரை இந்த உதவி கிடைத்துக்கொண்டே இருக்கும். இரண்டு கையையும் நீருக்குள்ளேயே நிறுத்தி அழகு பார்க்கும் நேரத்துக்கு இது கிடையாது.

மூச்சிலும் வேகத்துக்குப் பங்கு உண்டு. முன்னே போகிற தலை நீரைத் தள்ளி ஓர் அலையை எழுப்புகிறது. அலைக்கு அடுத்து, கன்னத்தை ஒட்டி, ஒரு பள்ளம் விழுகிறது. தேர்ந்தவர்கள் தலையைத் தூக்காமல், ஒரு கண் நீருக்குள் இருக்கும்போதே வாயோரத்தால் காற்றை எடுக்கிறார்களே, அந்தப் பள்ளத்துக்குள்தான். மெதுவாகப் போனால் அலை இல்லை, பள்ளமும் இல்லை. நீர் மட்டம் வாய் மட்டத்திலேயே நிற்கிறது. தலையைத் தூக்காமல் மூச்சே எடுக்க முடியாத ஒருவரைப் பார்த்து “தலையைத் தூக்காதீங்க சார்” என்று கத்துவதில் என்ன நியாயம்?

பள்ளி விளையாட்டு விழாக்களில் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி வைப்பார்கள். கடைசியில் வருகிறவருக்குப் பரிசு. அதில் ஜெயிக்கிறவர் சைக்கிளில் ஊறியவராக இருப்பார். நேற்றுக் கற்றவன் நாலு அடியில் காலை ஊன்றிவிடுவான். சைக்கிள் கற்றுக்கொள்ள வருகிறவனிடம் யாரும் அந்தப் போட்டியில் சேரச் சொல்வதில்லை. “மிதிடா, மிதி, நிறுத்தாதே” என்று சொல்லிப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம். ஃப்ரீஸ்டைலில் மட்டும் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்கிறோம்: மிகக் கடினமான வேகத்தைப் புதியவர் கையில் கொடுத்துவிட்டு, அது சுலபம் என்று வேறு சொல்லி அனுப்புகிறோம்.

இந்த நம்பிக்கைக்குப் பெரிய இடத்து சிபாரிசுகள் இருக்கின்றன. ரஷ்யாவின் அலெக்சாந்தர் போபோவ் 1992 பார்சிலோனாவிலும் 1996 அட்லாண்டாவிலும் 50, 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இரண்டிலும் தங்கம் வாங்கியவர். அவருடைய கோச் கென்னாதி துரெட்ஸ்கி, மெதுவான வேகத்தில் குறையில்லாத ஸ்ட்ரோக்கைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தவர். போபோவே அப்படித்தான் பயின்றார், நமக்கென்ன என்பார்கள். போபோவ் ஆறரை அடி உயரம். சிறு வயதிலிருந்து நீரில் கிடந்தவர். அவருடைய ‘மெதுவாக’ நம் குளங்களில் பலருடைய உச்ச வேகத்துக்கும் மேலே. அந்த வேகத்தில் உடம்பு நிற்கும், கிக் தாங்கும், உள்ளங்கையில் நீரின் அழுத்தம் தெரியும். செய்து முடித்த ஒன்றை மெருகேற்ற மெதுவாகப் போனார். இல்லாத ஒன்றை மெதுவாகப் போய் உண்டாக்கவில்லை.

இன்னொரு சிபாரிசு அமெரிக்காவின் டெரி லாஃப்லின். ‘டோட்டல் இமர்ஷன்’ என்ற அவருடைய முறை உலகம் முழுவதும் நடுத்தர வயதுக்காரர்களை நீருக்குள் இறக்கிவிட்டது. அந்த நன்மையை மறுக்க மாட்டேன். நீரோடு சண்டை போடாதே, உடம்பை நீட்டி வை, பக்கவாட்டில் உருண்டு போ என்று அவர் சொன்னதெல்லாம் நல்ல பாடம். ஆனால் அது கைக்குக் கை மாறி யூடியூப் வழியாக நம் குளங்களுக்கு வந்து சேர்ந்தபோது, ‘நீட்டி வைத்துக்கொண்டு காத்திரு’ என்பது மட்டும் மிஞ்சியது. மேலை நாடுகளில் இந்தக் கிளைடு பிடித்துக்கொண்டவர்களில் டிரையத்லான்காரர்கள் ஏராளம். அவர்கள் குளிர்நீருக்கான வெட்சூட் போட்டு நீந்துகிறவர்கள். அந்த உடையே காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். வேளச்சேரியிலோ மெரினா குளத்திலோ அரைக்கால் நிஜார் போட்டு நீந்துகிறவருக்கு எந்த உடை தூக்கிப் பிடிக்கப்போகிறது? அந்த முறையின் பயிற்சிக்குள்ளேயே பிற்காலத்தில், தொப்பிக்குள் செருகிக்கொள்ளும் பீப் கருவி வந்துவிட்டது. கையின் தாளம் தளராமல் இருக்க அது ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் ஒலிக்கும். நம்மூரில் அந்தப் பகுதி மட்டும் வந்து சேரவில்லை.

மூன்றாவது சாட்சி வீடியோ. சீனாவின் சுன் யாங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் நீந்தியதைப் பார்த்தால் சோம்பலாகக் கை போடுவதாகவே தோன்றும். பின்னாளில் ஊக்கமருந்துச் சோதனை விவகாரத்தில் தடைவாங்கியவர் என்பது வேறு கதை. அந்த நீச்சல் அழகுதான். நேரம் 14 நிமிடம் 31.02 விநாடி. வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு 50 மீட்டருக்கும் சுமார் 29 விநாடி, முப்பது முறை, நிறுத்தாமல். நம் ஆள் அதில் பாதி தூரம் போவதற்கே 40 விநாடி ஆகிறது. திரையில் தெரிந்த சோம்பல் ஒரு கைவீச்சில் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகிறவருடையது. அந்தத் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து விநாடிக்கு அரை மீட்டரில் நடித்துக் காட்டினால் எப்படி?

எதிர்ச் சாட்சியும் ஒலிம்பிக்கிலேயே இருக்கிறது. 1988 சோலில் மூன்று தங்கம் வாங்கிய அமெரிக்காவின் ஜேனட் எவன்ஸுக்கு அப்போது வயது 17. உயரம் ஐந்தரை அடி அளவுதான். கையை மடக்காமல், காற்றில் வீசி வீசி, படபடவென்று போடுவார். பார்க்கச் சகிக்கவில்லை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. 400 மீட்டரில் அவர் அங்கே வைத்த 4 நிமிடம் 3.85 விநாடி உலக சாதனை 2006 வரை நின்றது. அடுத்த ஆண்டு 800 மீட்டரில் வைத்தது 2008 வரை. உயரமும் நீண்ட கையும் பெரிய பாதமும் இல்லாத ஒருவருக்கு நீளமான கிளைடு ஒத்துவராது, கையின் தாளம்தான் ஒத்துவரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நம் குளங்களில் இறங்குகிறவர்களில் எத்தனை பேர் ஆறரை அடி?

வேகம் மாறினால் நுட்பமும் மாறும் என்பதற்கு அளவுகோலே இருக்கிறது. பிரான்ஸின் திதியே ஷோலே 2000த்தில் கைகளின் ஒத்திசைவுக்கு ஒரு குறியீடு வகுத்தார். ஒரு கை தள்ளி முடிப்பதற்கும் மறு கை தள்ளத் தொடங்குவதற்கும் இடையிலுள்ள நேரத்தை அது அளக்கிறது. தேர்ந்தவர்கள் நீண்ட தூர வேகத்தில் போகும்போது இடைவெளி இருக்கிறது. வேகம் ஏற ஏற இடைவெளி சுருங்குகிறது. குறுந்தூர வேகத்தில் ஒரு கை முடிப்பதற்குள் மற்றது தொடங்கிவிடுகிறது. ஒரே ஆளுக்குள் மூன்று ஃப்ரீஸ்டைல். எந்த வேகத்தில் பழகுகிறோமோ அந்த வேகத்தின் ஒத்திசைவுதான் நமக்குப் படியும். ஒவ்வொரு கைக்கும் நின்று காத்திருந்து பழகியவருக்குக் காத்திருப்பதுதான் படிகிறது. சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரென்ட் ரஷால் இதையே ஒரு கட்சியாக நடத்தியவர்: மெதுவான வேகத்தில் பழகிய நுட்பம் பந்தய வேகத்துக்கு உதவாது என்று. அவர் அளவுக்கு நான் போகமாட்டேன். ஆனால் அவர் நிற்கிற திசை சரி.

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். நீரின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதற்குச் செலவாகும் திறன் கனத்துக்கு ஏற்ப ஏறும். விநாடிக்கு 60 சென்டிமீட்டரிலிருந்து 80க்குப் போனால் உடம்பின் நிலை அப்படியே இருக்கும்பட்சத்தில் திறன் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். ஏற்கெனவே இரைக்கிறவரிடம் இரண்டு மடங்கு கேட்பதா? நியாயமான கேள்வி. ‘உடம்பின் நிலை அப்படியே இருக்கும்பட்சத்தில்’ என்ற நிபந்தனை இங்கே ஒத்துவராது என்பது ஒரு பதில். கால் தொங்கினால் நீரை எதிர்கொள்ளும் பரப்பு விரிகிறது. கால் எழும்பினால் சுருங்குகிறது. ஏறின தடையில் ஒரு பகுதி அங்கே கழிந்துவிடும். முழுவதும் கழியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். மிச்சத்துக்குப் பதில் தூரத்தில் இருக்கிறது. 80 சென்டிமீட்டர் வேகத்தில் 25 மீட்டர் முழுவதும் போக யார் சொன்னது? 12 மீட்டர் போ, நில், மூச்சு முழுக்கத் திரும்பட்டும், மறுபடி 12 மீட்டர். வேகத்தைக் குறைத்துத் தூரத்தைக் காப்பாற்றுகிறார்கள் நம் கோச்சுகள். தூரத்தைக் குறைத்து வேகத்தைக் காப்பாற்ற வேண்டும்.

“மெதுவா” என்பதற்குப் பின்னால் நீச்சல் அறிவியலைவிட லேன் நெருக்கடிதான் அதிகம் என்று எனக்கு ஒரு சந்தேகம். கோடை விடுமுறை பேட்ச்சில் ஒரு லேனில் பத்துப் பன்னிரண்டு பேர் போகிறார்கள். ஒருவர் வேகமாகப் போய் நின்றால் பின்னால் வருகிறவர் அவர் காலில் முட்டுவார். எல்லாரும் ஒரே சீராக ஊர்ந்துகொண்டிருப்பதுதான் கோச்சுக்கு நிம்மதி. அதில் தப்பில்லை, ஆனால் அதைக் கூட்டத்தைச் சமாளிக்கும் வழி என்று சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்கு நுட்பம் என்று பெயர்?

கோச்சுகளில் பலர் மாநில அளவில் நீந்தியவர்கள். அவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றும்: நீங்கள் ஏழு வயதில் எப்படிக் கற்றீர்கள்? எந்தக் குளத்திலும் குழந்தைகளைக் கவனியுங்கள். அவர்கள் மெதுவாக நீந்துவதே கிடையாது. சுவரைத் தொட்டதும் “நான்தான் ஃபர்ஸ்ட்டு” என்று கத்தும், மறுபடி பாயும், நடுவில் நின்று சிரிக்கும். குட்டித் தூரம், முழு வேகம், நிறைய ஓய்வு. ஒரு கோடைக்குள் அவர்கள் ஸ்ட்ரோக் ஒழுங்குக்கு வந்துவிடுவதைப் பார்த்து வயதைக் காரணம் சொல்கிறோம். வயது ஒரு காரணம்தான். தோளும் கணுக்காலும் இறுகிப்போனவர்களுக்குக் கஷ்டம் கூடுதல்தான். ஆனால் அந்தக் குழந்தைகள் பழகுகிற முறையில் ஒரு நாளாவது இவர்களைப் பழகவிட்டிருக்கிறோமா?

கிணற்றில் கற்றவர்கள் இன்னொரு பாடம். கொங்கு நாட்டிலும் தெற்கத்திப் பக்கமும் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டிக் கிணற்றில் தள்ளிவிடப்பட்டவர்கள் இப்போது ஐம்பதுகளில் நகரத்துக் குளங்களுக்கு வருகிறார்கள். தலையைத் தூக்கிக்கொண்டு, இடமும் வலமும் பார்த்துக்கொண்டு, படபடவென்று கைபோட்டுப் பத்து மீட்டர் பறப்பார்கள், பிறகு தீர்ந்துபோவார்கள். கிணற்றில் படிக்கட்டிலிருந்து எதிர்ச்சுவர் வரை அவ்வளவுதான் தேவைப்பட்டது. இவர்களைப் பார்த்ததும் கோச் சொல்வது: “அண்ணே, அதையெல்லாம் மறந்துடுங்க. முதல்லேர்ந்து மெதுவா ஆரம்பிப்போம்.” மறந்துவிட்டு மெதுவாக ஆரம்பிக்கிற அண்ணனுக்கு அதுவரை மூழ்காத கால் மூழ்கத் தொடங்குகிறது. நீரில் பயமில்லாமை, கையில் தாளம், கைக்குள் நீரைப் பிடிக்கும் பழக்கம் என்று மற்றவர்கள் ஏங்குகிற மூன்றும் அவரிடம் இருந்தன. முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை வெளியே விடுவது ஒன்றுதான் பாக்கி. அதை மட்டும் சேர்க்கத் தெரியாமல் மற்ற மூன்றையும் பிடுங்கிவிட்டார்கள்.

வேகம் என்றதும் கையைக் காட்டுத்தனமாகச் சுழற்றுவதை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நீரைக் கலக்கி நுரையாக்குவது வேகமே இல்லை. அதில் கை நழுவுகிறது, உடம்பு போவதில்லை. நான் கேட்பது ஒருபடி கூடுதல் சுறுசுறுப்பு. முன்னே நீண்ட கை அங்கே தங்காமல், நீண்டதும் விரல் நுனி கீழே சாய்ந்து நீரைப் பிடித்துவிட வேண்டும். வாய் நீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் காற்று வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும். பன்னிரண்டு மீட்டரில் மூச்சு ஒன்றோ இரண்டோ போதும். மூச்சைப் பற்றிய பதற்றம் இல்லாததால் கவனம் கையில் நிற்கும். ஆறு முறை, எட்டு முறை செய்தால் போதும். கை துவள ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். துவண்ட கையோடு போகிற தூரம் துவண்ட ஸ்ட்ரோக்கைத்தான் கற்றுக்கொடுக்கும். தோளில் வலி உள்ளவர் முதலில் வலியைப் பார்க்கட்டும். இதய நோய் உள்ளவர் டாக்டரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

கிடைத்தால் குட்டை ஃபின்ஸ் போட்டுக்கொள்ளலாம். காலில் அதை மாட்டியதும் உதைக்கிற உதையெல்லாம் முன்னே தள்ளுகிறது, இடுப்பு எழும்புகிறது, தலையோரப் பள்ளம் விழுகிறது. தான் இதுவரை போகாத ஒரு வேகத்தில், இரைக்காமல், தன் ஸ்ட்ரோக் எப்படி இருக்கிறது என்பதை அவர் முதல்முறையாக உணர்வது அப்போதுதான். கழற்றிய பிறகும் நாலைந்து ஸ்ட்ரோக்குக்கு அந்த நினைவு உடம்பில் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த பன்னிரண்டு மீட்டர். ‘பேட்ச் நேரத்தில் ஃபின்ஸ் கூடாது’ என்று தடுக்கிற குளங்களும் உண்டு. அவற்றில் புல் பாய் மட்டும் தாராளமாகக் கொடுப்பார்கள். தொடை நடுவே செருகிக்கொண்டால் கால் மிதக்கும், எடுத்தால் மூழ்கும். கற்றது ஒன்றும் இருக்காது.

ஆஸ்திரேலியாவின் கேமரன் மெக்இவாய் இந்தப் பக்கத்துக்கு ஒரு பெரிய மனிதர். கிலோமீட்டர் கணக்கில் நீந்தித் தள்ளும் வழக்கமான பயிற்சியை விட்டுவிட்டு, குறைந்த தூரம், முழு வேகம், நீண்ட ஓய்வு என்று மாற்றிக்கொண்டார். 30 வயதில், தன் நான்காவது ஒலிம்பிக்கில், 2024 பாரிஸில் 50 மீட்டர் தங்கத்தை 21.25 விநாடியில் வாங்கினார். போபோவை நம் அளவுக்கு வெட்ட முடியாது என்று சொன்ன நான் மெக்இவாயையும் அப்படியே இறக்குமதி செய்யக்கூடாது; செய்யவில்லை. நீச்சலில் அனுபவம் முற்றியவரே வேகத்தை வேகத்தில்தான் பழகினார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடைசியாக, ‘ஒரு லேப்புக்கு எத்தனை கை’ என்கிற எண்ணிக்கை. இப்போது கைக்கடிகாரமே எண்ணிச் சொல்வதால் இது ஒரு வியாதியாகப் பரவியிருக்கிறது. 25 மீட்டருக்கு 28 கை போட்டுக்கொண்டிருந்தவர், நீட்டி நீட்டிக் காத்திருந்து 22க்குக் கொண்டுவந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் குவியும். நேரத்தைப் பார்த்தால் 38 விநாடியிலிருந்து 46க்குப் போயிருக்கும். கையைக் குறைத்ததற்கு எட்டு விநாடி விலை. அந்த எட்டு விநாடியும் அவர் நீருக்குள் நின்றுகொண்டிருந்த நேரம். எண்ணுவதானால் இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும்: நேரம் இறங்கிக் கையும் இறங்கினால் சந்தோஷம்; நேரம் இறங்கிக் கை இரண்டு கூடினாலும் சந்தோஷமே. நேரம் ஏறிக் கை இறங்கினால் அந்தப் பழக்கத்தை அன்றைக்கே விட்டுவிடலாம். இதற்கு வேண்டியது விநாடி முள் தெளிவாகத் தெரியும் ஒரு பெரிய கடிகாரம், குளத்தில் இருந்துகொண்டே நிமிர்ந்து பார்க்கும் உயரத்தில். கட்டணப் பலகை, விதிமுறைப் பலகை, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்கவும் என்ற பலகை எல்லாம் மாட்டியிருக்கிற சுவரில் அதற்கும் ஓர் ஆணி அடிக்கலாம். பேட்ச்சின் கடைசிப் பத்து நிமிடம் ஒரே ஒரு லேனைக் காலி செய்து, ‘இங்கே பன்னிரண்டு மீட்டர் மட்டும், ஒருவர் பின் ஒருவராக’ என்று கோச் அறிவித்தால் அந்தக் கடிகாரத்துக்கும் வேலை கிடைக்கும்.